நான் துடைத்த நாற்காலி

பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் பாயில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் என் ஸ்தோத்திரம். சபை ஒன்றுதான். ஆனாலும் இரண்டு தடவை கும்பிட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது, அப்படித்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு சாட்சி சொல்லும்படி நம் பாதிரி ஐயர் என்னைக் கேட்டுக்கொண்டார். சேரியில் பிறந்து டாக்டர் ஆனவள் நீ, கர்த்தர் உனக்குச் செய்ததைச் சொன்னால் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார். கொஞ்சம் சந்தோஷமாகவே சொல்லம்மா என்றும் சேர்த்துக்கொண்டார். என் வாயைப் பற்றி அவருக்குத் தெரியும். பேச ஆரம்பித்தால் எங்கே போய் நிற்பேனோ என்று எனக்கே பயம். அதனால் எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். எழுதியதை வாசித்துவிடுகிறேன்.

புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் பெயர் கிருபை. பின்னால் தூண் ஓரமாகப் பாயில் உட்கார்ந்திருக்கிறாரே, மிஷன் பங்களாத் தோட்டக்காரர் ஞானமுத்து, அவருடைய இரண்டாவது மகள். முதல் மகள் இல்லை. அவளிடமிருந்துதான் என் கதையைத் தொடங்க வேண்டும்.

என் அக்காள் மரியாளுக்குத் தலைப்பிரசவம். ஜெர்மன் சண்டை முடிந்து, விஷக் காய்ச்சலும் வந்து ஓய்ந்திருந்த காலம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. வலி எடுத்து வெகுநேரம் ஆகியும் பிள்ளை வரவில்லை. சேரியில் பிரசவம் பார்க்கிறவள் இது என் கையில் இல்லை என்று சொல்லிவிட்டாள். என் தகப்பனார் ஓடிப்போய் ஊர் வைத்தியர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூட்டிக்கொண்டு வந்தார் என்றால் வீட்டுக்கு அல்ல. வைத்தியர் சேரிக்குள் கால் வைக்க மாட்டார். வாய்க்கால் கரைப் புளியமரம் வரைக்கும்தான் வருவார். அக்காளைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நாங்கள் அங்கே போனோம். கூடவே நான் முறத்தை அவள் முகத்துக்கு மேல் பிடித்துக்கொண்டு போனேன், மழை விழாதபடிக்கு.

வைத்தியர் மடியிலிருந்து ஒரு பட்டுத் துண்டை எடுத்தார். தறியில் அறுத்து மிஞ்சின துண்டு, அரக்கு நிறம். அதை அக்காளின் மணிக்கட்டு மேல் போடச் சொல்லி, அதற்கு மேலே விரலை வைத்து நாடி பார்த்தார். பட்டுக்குத் தீட்டு இல்லையாம். ஊர் முழுக்கப் பட்டு நெய்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண்ணின் உடம்பில் பட்டுப் பட்டது அந்த ஒரு தடவைதான். பித்தம் ஏறியிருக்கிறது, கஷாயம் கொடுத்து அனுப்புகிறேன் என்று சொல்லித் துண்டை மடித்துக்கொண்டு போய்விட்டார். கஷாயம் வந்து சேருவதற்குள் அக்காள் போய்விட்டாள். பிள்ளையும் வயிற்றிலேயே போயிற்று.

தொட்டுப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்காதீர்கள். இப்போது டாக்டராகச் சொல்கிறேன், தொட்டுப் பார்த்திருந்தால் இது பித்தம் இல்லை என்றாவது அவருக்குத் தெரிந்திருக்கும். அன்றைக்குக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது நான் ஒரே ஒரு முடிவுதான் எடுத்தேன். நான் வைத்தியம் படிக்க வேண்டும். எங்கள் பெண்களை யாரும் புளியமரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது.

அப்போது நான் மிஷன் பெண்கள் பள்ளியில் போர்டிங்கில் இருந்து படித்துக்கொண்டிருந்தேன். பள்ளியை நடத்தின துரைசாணியம்மாளிடம் போய்ச் சொன்னேன். அவர்கள் நல்ல மனுஷி. சிரிக்கவில்லை. பள்ளி இறுதிப் பரீட்சையில் நான் தேறினதும், சென்னையில் பெண்களுக்கு வைத்தியம் கற்றுக்கொடுக்கிற பள்ளி ஒன்றுக்கு எனக்காக எழுதிப் போட்டார்கள். பரீட்சை தேறினால் மட்டும் அங்கே சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இண்டர்வியூ உண்டு. பெரிய டாக்டர்கள் நேரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டு, பிடித்திருந்தால்தான் எடுப்பார்கள்.

பிடிக்காமல் போனால் என் கதி என்ன என்பதையும் துரைசாணியம்மாள் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்கள். ஊட்டிக்குப் போகிற ஒரு துரை குடும்பத்துக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பெண் வேண்டுமாம். அந்த வேலைக்கு என் பெயரைச் சொல்லியாயிற்றாம். ஒன்று டாக்டர், இல்லாவிட்டால் ஊட்டியில் துரை வீட்டுப் பிள்ளைக்குச் சட்டை மாட்டுகிறவள். நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

இண்டர்வியூவுக்கு என்னைத் தயார் செய்யும் பொறுப்பைப் பாக்கியம் டீச்சரிடம் கொடுத்தார்கள். அதோ, பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் இருக்கிறார்கள். எதையும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்லவில்லை, முகத்துக்கு நேராகவே சொல்கிறேன். டீச்சர் நன்றாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். இங்கிலீஷில் எப்படி வணக்கம் சொல்வது, கையை எங்கே வைத்துக்கொள்வது, கேள்வி புரியாவிட்டால் எப்படித் திரும்பக் கேட்பது, எல்லாம் அவர்கள் சொல்லிக்கொடுத்ததுதான். முணுமுணுத்தால் தொடையில் ஒரு கிள்ளு விழும், ஸ்கேலால். ஆமாம், ஸ்கேலால் கிள்ள முடியாதுதான். கையால் என்னைத் தொட மாட்டார்கள், அதனால் ஸ்கேலால் தட்டுவார்கள். எங்கள் பிள்ளைகள் அதைக் கிள்ளு என்றுதான் சொல்லும்.

ஏன் வைத்தியம் படிக்க விரும்புகிறாய் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்றார்கள். என் அக்காள் தொட்டுப் பார்க்க ஆள் இல்லாமல் செத்துப்போனாள், அதனால் என்றேன். டீச்சர் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாவு, தீட்டு எல்லாம் அங்கே போய்ப் பேசக் கூடாது என்று சொல்லி, இந்தியாவின் துயருறும் பெண்களுக்குச் சேவை செய்ய ஆசைப்படுகிறேன் என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் கட்டிக்கொடுத்தார்கள். என் அக்காள் அந்த வாக்கியத்தில் எங்கே இருக்கிறாள் என்று நானும் தேடிப் பார்த்தேன். அப்பா என்ன வேலை என்று கேட்டால் மிஷன் உத்தியோகம் என்று சொல்ல வேண்டும். அதுவும் பாடம்.

பிறகு நாற்காலி. துரைசாணியம்மாள் ஒருநாள் வந்து பார்த்தபோது நான் நின்றுகொண்டே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே உட்கார வைத்துத்தான் கேட்பார்கள், இவளை நாற்காலியில் உட்கார வைத்துப் பழக்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தான் சொன்னால் அது நடந்துவிடும் என்று நம்புகிற அம்மாள் அவர்கள். நடந்ததும் உண்மைதான். அந்த அறையில் இருந்தது ஒரே நாற்காலி, டீச்சருடையது. டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்கள். என்னை உட்காரச் சொன்னார்கள்.

நான் அதுவரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. நுனியில் உட்கார்ந்தேன். நன்றாகச் சாய்ந்து உட்கார் என்று டீச்சர் அதட்டினார்கள். உட்கார்ந்தேன். கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன். போகலாம் என்றார்கள், எழுந்து நன்றி சொன்னேன். வாசல் பக்கம் திரும்பினபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்க கிளம்பிட்டே? தொடைச்சிட்டுப் போடி."

பலகை துடைக்கிற துணியை எடுக்கப் போனேன். அது வேண்டாம் என்றார்கள். அது அவர்கள் கை படுகிற துணி. என் முந்தானையால் துடைத்தேன். உட்காருகிற இடம், முதுகு சாய்கிற கட்டை, கை வைத்த இடம். பங்குனியும் சித்திரையும் இப்படித்தான் போயிற்று. டீச்சருக்கு வகுப்பு முடிந்ததும் போவேன். உட்கார், பதில் சொல், எழுந்திரு, நன்றி சொல், துடை, போ. கொஞ்ச நாளில் டீச்சர் சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. டீச்சருக்கு அதில் சந்தோஷம்.

ஒருநாள் அவர்களே எனக்கு ஒரு புத்தி சொன்னார்கள். "உன் நெத்தியில ஒண்ணும் எழுதி ஒட்டியில்லே. பேரு நல்ல பேரு, நெறமும் பரவாயில்லே. நீயா வாயத் தொறந்து காட்டிக்கொடுத்துக்காதே." கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையிலேயே நான் தேறவேண்டும் என்று நினைத்துத்தான் சொன்னார்கள். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அன்றிலிருந்து நான் ஒரே ஜெபம்தான் செய்தேன். ஆண்டவரே, நான் யார் என்பதை அவர்கள் கண்ணுக்கு மறைத்துவிடும். அறிவைக் கேட்கவில்லை. ஞாபகத்தைக் கேட்கவில்லை. தைரியத்தைக் கூடக் கேட்கவில்லை. மறைத்துவிடும், மறைத்துவிடும் என்று மட்டும் அழுதேன். சாப்பாடு இறங்கவில்லை. என்னைப் பார்த்துப் போர்டிங் பிள்ளைகள் எல்லாம் இவளுக்கு ஊட்டிதான் என்று பேசிக்கொண்டன.

சென்னைக்குப் புறப்படுவதற்கு முன் வீட்டுக்குப் போனேன். என் தகப்பனார், எனக்கு நைனா, எனக்காக முழங்கால் போட்டு ஜெபித்தார். அவருக்கு ஜெபிக்கத் தெரியாது. வாய்க்கால் மடை திறக்கச் சொல்லிக் கேட்கிற மாதிரிதான் ஆண்டவரிடமும் கேட்பார். "ஆண்டவரே, பெரிய மனுசங்க எதுர்ல எம் பொண்ணு போவுது. அத ஒக்கார வைப்பா. நிக்க வெச்சே அனுப்பிடாதபா." இவ்வளவுதான். ஆமென் சொல்லிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உட்காரத்தான் எல்லோரையும் சொல்வார்கள், அது ஒரு பெரிய வரமா, இடம் கிடைக்க வேண்டும் என்று கேள் என்று அவரிடம் சண்டை போட்டேன். நைனா தலையைச் சொறிந்துகொண்டார்.

"நான் எந்தப் பெரிய மனுசன் எதுர்லயும் ஒக்காந்ததில்லமா. அதுக்கு மேல இன்னா கேக்கறதுன்னு எனக்குத் தெரியல."

நைனாதான் என்னுடன் சென்னைக்கு வந்தார். நம் காஞ்சிபுரத்து வரதர் கருட சேவை முடிந்து ஜனம் ஊர் திரும்பிக்கொண்டிருந்த சமயம். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. செங்கல்பட்டில் வண்டி மாறி, எழும்பூர் வரைக்கும் நின்றுகொண்டே போனோம். துரைசாணியம்மாள் கொடுத்த வெள்ளைச் சேலை கசங்கிவிடக் கூடாது என்று நைனா எனக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார். பள்ளி வாசலில் காவற்காரன் அவரை உள்ளே விடவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார்.

உள்ளே நீளமான மேஜை. நடுவில் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மாள். ஒரு பக்கம் வெள்ளைக்கார டாக்டர் ஒருவர். இன்னொரு பக்கம் தலைப்பாகை கட்டின நம் ஊர் டாக்டர், வயதானவர். உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன், நன்றாகச் சாய்ந்து. பெயர் கேட்டார்கள், படிப்புக் கேட்டார்கள். துயருறும் பெண்கள் வாக்கியத்தை ஒப்பித்தேன். மிஷன் உத்தியோகத்தையும் சொன்னேன். எல்லாம் டீச்சர் பழக்கின மாதிரியே போயிற்று.

அப்போது அந்த வெள்ளைக்கார டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். அது பாடத்தில் இல்லாத கேள்வி. இங்கே சேருகிற பெண்களில் சிலர் தாழ்ந்த சாதி நோயாளிகளைத் தொட மாட்டேன் என்று அழுகிறார்கள், வீட்டார் வந்து சண்டை போடுகிறார்கள், உனக்கு அப்படி ஏதாவது ஆட்சேபணை உண்டா, பறைச்சேரிப் பெண் ஒருத்தி வந்தால் தொடுவாயா என்று கேட்டார்.

சபையாரே, என் ஜெபம் கேட்கப்பட்ட நேரம் அதுதான். நான் யார் என்பதைக் கர்த்தர் மறைத்துவிட்டார். ஒரு நூல் இழை கூட வெளியே தெரியாமல் மறைத்துவிட்டார். என் அக்காளைத் தொடுவாயா என்று என்னையே கேட்கிற அளவுக்கு மறைத்துவிட்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

எல்லோரையும் தொடுவேன், சார், என் வீட்டார் தடுக்க மாட்டார்கள் என்று இங்கிலீஷில் சொன்னேன். மூன்று பேருக்கும் அந்தப் பதில் பிடித்திருந்தது. போகலாம் என்றார்கள். எழுந்தேன், நன்றி சொன்னேன். கண்ணில் தண்ணீர் கட்டியிருந்தது, எதிரே ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையை எடுத்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். உட்காருகிற இடம் ஆயிற்று, முதுகுக் கட்டையும் ஆயிற்று. கை வைத்த இடத்துக்கு வந்தபோதுதான் நான் எங்கே இருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். தொட்டிலே வேண்டியதில்லை, இரண்டு மாதம் பாக்கியம் டீச்சரிடம் போனால் போதும். வாயைத் திறந்து காட்டிக்கொடுத்துக்காதே என்றார்களே, கை காட்டிக்கொடுத்துவிட்டது. எல்லாம் முடிந்தது, இனி ஊட்டிதான் என்று முந்தானையும் கையுமாக அப்படியே நின்றேன்.

வெள்ளைக்கார டாக்டரம்மாள் முகமெல்லாம் சிரிப்பாக மற்ற இரண்டு பேரையும் பார்த்தார்கள். பாருங்கள், அடுத்து வருகிறவளுக்காக நாற்காலியைத் துடைத்து வைக்கிறாள், காலையிலிருந்து எத்தனை பெண்கள் வந்தார்கள், ஒருத்திக்காவது தோன்றிற்றா, வைத்தியத்துக்கு முதல் தகுதியே சுத்தம்தான் என்றார்கள். வெள்ளைக்கார டாக்டரும் தலையை ஆட்டினார். அம்மாள் பேனாவை எடுத்து ஏதோ எழுதினார்கள்.

தலைப்பாகைக்காரர் சிரிக்கவில்லை. என் கையில் இருந்த முந்தானையைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் அது தெரியாமல் போகாது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இது சுத்தம் இல்லை, இது வேறு என்று அவர் இங்கிலீஷில் சொல்லியிருந்தால் அந்த அம்மாளின் சிரிப்பு என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டு தமிழில் மெதுவாகச் சொன்னார்.

"போதும்மா. போயிட்டு வா."

இரக்கத்தில் சொன்னாரா, அருவருப்பில் சொன்னாரா, வெட்கத்தில் சொன்னாரா என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. வெளியே வந்து முந்தானையைப் பார்த்தேன். அதில் அழுக்கே இல்லை. நாற்காலியில் தூசியே இருந்திருக்கவில்லை.

சாயங்காலம் வராந்தாவில் நின்று குமாஸ்தா பெயர்களை வாசித்தார். என் பெயர் இருந்தது. பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள், சிரித்தார்கள். நான் வாசலுக்கு ஓடினேன். நைனா அதே மரத்தடியில் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். இடம் கிடைத்ததா என்று அவர் கேட்கவில்லை.

"ஒக்கார சொன்னாங்களாமா?"

உட்கார்ந்தேன் நைனா என்றேன். அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். இடம் கிடைத்ததை அதற்குப் பிறகுதான் சொன்னேன். துடைத்ததைச் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான், உங்களோடு சேர்ந்து, அவரும் கேட்கிறார். திரும்பி வரும்போது ரயிலில் இடம் நிறைய இருந்தது. நைனா கீழேதான் உட்கார்ந்துகொண்டு வந்தார்.

ஊரில் எல்லோரும் கர்த்தரைத் துதித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு நாற்காலியில் உட்காரக்கூட நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று டீச்சர் சொல்லிக்கொண்டார்கள். பொய் இல்லை. டீச்சர் பழக்கின பழக்கம் இல்லாவிட்டால் அந்த அம்மாள் பேனாவை எடுத்திருக்க மாட்டார்கள். எந்தக் கையால் என்னைக் கீழே தள்ளினார்களோ அந்தக் கையாலேயே கர்த்தர் என்னைத் தூக்கிவிட்டார். இதற்கு நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? சொல்கிறேன். கர்த்தருக்குச் சொல்கிறேன்.

படித்து முடித்துக் காஞ்சிபுரத்துக்கே திரும்பி வந்தேன். வேறு ஊரில் வேலை கிடைத்தது, போகவில்லை. அன்றைய தினத்திலிருந்து நான் எந்த நாற்காலியையும் துடைத்ததில்லை. ஆஸ்பத்திரியில் என் நாற்காலியில் தூசி இருந்தால் தூசியோடுதான் உட்காருகிறேன். நர்சுகள் சிரிக்கிறார்கள், டாக்டரம்மாவுக்கு இதில் மட்டும் சுத்தம் போதாது என்று. நாடி பார்க்கும்போது யார் கையிலும் துணி போட்டதில்லை. சேரிக்குள் ராப்பகல் பாராமல் போகிறேன். அந்தப் புளியமரத்தடியில் இப்போது மாடு கட்டுகிறார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்தோத்திரம் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்கிறேன். இதுவும் சாட்சிதான், ஐயர் கேட்ட சந்தோஷமான சாட்சி.

இதோடு நிறுத்திக்கொண்டால் ஐயருக்கு நிம்மதி. ஆனால் போன ஐப்பசியில் நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

மழை கொட்டிக்கொண்டிருந்தபோது டீச்சர் வீட்டிலிருந்து ஜட்கா வண்டி வந்தது. மகளுக்குப் பிரசவ வலி. போனேன். பிள்ளை குறுக்கே கிடந்தது. என் அக்காளுக்கும் அப்படித்தான் கிடந்திருக்குமோ என்னவோ. கையை உள்ளே விட்டுத் திருப்பி எடுத்தேன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. டீச்சர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவர்கள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. நீ எனக்கு மகள் மாதிரி என்றார்கள். கூடத்தில் நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்து காபி குடித்தேன். நெஞ்சில் இருந்த கசப்பெல்லாம் போய்விட்டது என்றுகூட நினைத்தேன்.

ஜட்காவில் ஏறித் தெருமுனை வரைக்கும் போன பிறகுதான் என் பையை அங்கேயே வைத்துவிட்டது ஞாபகம் வந்தது. வண்டியைத் திருப்பச் சொன்னேன். வாசலில், கொட்டுகிற மழையில், அந்த நாற்காலி நின்றது. வேலைக்காரி குடத்திலிருந்து அதன் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மழைத் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது. நிலைப்படியில் நின்றுகொண்டு டீச்சர் இன்னும் கொஞ்சம் ஊற்று என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மகள் வயிற்றுக்குள் போன கைக்குத் தீட்டு இல்லை. உட்கார்ந்த நாற்காலிக்குத்தான் தீட்டு. இந்தக் கணக்கு எனக்குப் புரியவே இல்லை, டீச்சர். வைத்தியப் படிப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் கர்த்தரோடு வெகுநாள் பேசவில்லை. கோவிலுக்கு வந்தேன், பாட்டுப் பாடினேன், பேசவில்லை. இதற்குத்தானா என்னைத் தூக்கிவிட்டீர் என்று உள்ளுக்குள் ஒரே சண்டை. நீங்கள் நினைப்பதுபோல அவர் மேகத்திலிருந்து பதில் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயில் நைனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பாயில் ஆண்கள் பக்கம் பெண்கள் பக்கம் என்று இல்லை. டாக்டராகி வந்த பிறகு எனக்கென்று தனியாக ஒரு ஸ்டூல் போட்டீர்களே, பெஞ்சிலும் சேராமல் பாயிலும் சேராமல், அதில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. நைனா கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தார். அதே பழைய ஜெபம். "எம் பொண்ண ஒக்கார வைப்பா." நான்தான் உட்கார்ந்து, படித்து, டாக்டராகி வந்துவிட்டேனே, இன்னும் ஏன் இதையே கேட்கிறாய் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் முன்னால் இருக்கிற பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. நான் கேட்டதைக் கர்த்தர் எனக்கு அப்படியே கொடுத்தார். மறைத்துவிடும் என்றேன், மறைத்தார். மறைந்தவளுக்குக் கிடைக்கிற மரியாதை மறைந்திருக்கிற மட்டும்தான். அது அவர் குற்றம் இல்லை, நான் கேட்ட வரம் அவ்வளவுதான். நைனா கேட்டது வேறு. எழுத்து வாசனை இல்லாத மனுஷன் என்னைவிடப் பெரிதாகக் கேட்டுவிட்டார். அதைக் கர்த்தர் சென்னையில் பாதி கொடுத்தார். மீதியை இங்கே, இந்தக் கோவிலில், கொடுத்துத்தான் வைத்திருக்கிறார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்று நம் பெரியவர்கள் கோவில் வாசலில் நின்று சொன்ன பழமொழி. கிறிஸ்து வேதத்துக்கு வந்தும் அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஐயர் மன்னிக்கணும்.

பாயில் இருக்கிற என் ஜனங்களே, உங்களுக்குத்தான் இந்தச் சாட்சி. ஜெபம் பண்ணுங்கள். கர்த்தர் கேட்கிறார், நான் கண்டவள். ஆனால் என்னைப் போல ஜெபம் பண்ணாதீர்கள். மறைத்துவிடும் என்று கேட்டால் அவர் மறைத்துவிடுவார். ஞானமுத்துவைப் போலக் கேளுங்கள். கேட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திராமல், எழுந்து வாருங்கள்.

ஆண்கள் பக்கம் முதல் பெஞ்சில் ஓரத்தில் இடம் இருக்கிறது. பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் டீச்சர் பக்கத்தில் இடம் இருக்கிறது. டீச்சரம்மா, கொஞ்சம் நகர்ந்துக்குங்க. இந்தக் காகிதத்தை மடித்ததும் நான் அங்கேதான் வரப்போகிறேன்.

அதற்கு முன் ஒரு காரியம். இதை எழுத்துத் தமிழில் சொன்னால் அவருக்குப் போய்ச் சேராது.

நைனா, எழுந்து வா. கூச்சப்படாத. மொதல்ல நீ ஒக்காரு, அப்பறம்தான் நான் ஒக்காருவேன். நல்லா சாஞ்சு ஒக்காரு. கடைசியில ஆமென் சொல்லிட்டு எழுந்திருக்கும்போது உன் கை தானா துண்டுக்குப் போவும், எனக்குத் தெரியும். என் கையும் போனதுதான். தொடைக்காத நைனா. அப்படியே எழுந்து வா.